பாலாற்று மணலுக்கு நீலம் பூசாதீர்கள்

பழைய புகைப்படக் கண்காட்சிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். காட்பாடிக் கரையில் நின்று வேலூரை நோக்கி எடுத்த பாலாற்றுப் பாலத்தின் படத்தைப் பெரிதாக்கி, வண்ணம் ஏற்றி நுழைவாயிலில் மாட்டியிருக்கிறீர்கள். அதில் ஆறு கரைகொள்ளாமல் நீலமாக ஓடுகிறது. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சிறிய மூல அச்சில் ஆறு ஓடவில்லை. அங்கே இருப்பது மணல்.

அந்தக் காலக் கண்ணாடி நெகட்டிவில் பல நொடி வெளிச்சம் விட்டால், ஓடும் நீர் அலை தெரியாமல் பால்போல் பதியும். வெயிலில் காய்ந்த மணலும் ஏறக்குறைய அதே வெளுப்புதான். வெளுப்பை மட்டும் நம்பினால் நிறம் ஏற்றும் கணினியும் ஏமாறும், மனிதரும் ஏமாறுவார். பார்க்க வேண்டியது தூண்களின் அடியை. நீரில் விழும் பிம்பம், சூரியன் எங்கே இருந்தாலும் தூணுக்கு நேர் கீழே பார்ப்பவரை நோக்கி இறங்கும். நிழலோ வெயிலுக்கு எதிர்ப்பக்கம் சாயும். மூல அச்சில் ஒவ்வொரு தூணடியிலும் சாய்ந்த கரும்பட்டை இருக்கிறது, விளிம்பு கூராக. பிம்பம் ஒன்றுகூட இல்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே மாட்டுவண்டித் தடம் இரட்டைக் கோடாகப் போகிறது. நீலம் பூசியவர் அதை அலையாக்கிவிட்டார்.

இது அழகு பற்றிய சண்டை அல்ல. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு. அந்த ஊற்றுநீரை வயலுக்குக் கொண்டுபோகும் ஊற்றுக்கால் வெட்டித்தான் கரையோர ஊர்கள் பயிர் செய்தன. தூணில் மணலுக்கு மேல் தெரியும் கல்வரிசைகளை எண்ணி, ஒரு வரிசையின் உயரத்தால் பெருக்கினால், பாலத்தின் வளைவுக்கு எவ்வளவு கீழே அன்றைய மணல்மட்டம் இருந்தது என்று கிடைத்துவிடும். மணல் தூணைத் தொடும் அந்த விளிம்பின்மேல்தான் நீலம் ஏறியிருக்கிறது. ஆற்றிலிருந்து மணல் லாரி லாரியாகப் போய்விட்டது. படத்தில் மிஞ்சியிருக்கும் மணலையும் அழிக்க வேண்டுமா? பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்க வந்ததைக் கேட்கிறோம்: மூலப் படத்தை முழுதாக, நிறம் ஏற்றாமல் மாட்டுங்கள்.

பெரிதாக்கிய படம் இடம் வலமாகவும் மாறியிருக்கிறது. காட்பாடியிலிருந்து தெற்கே பார்த்தால் கிழக்கு இடப்பக்கம். வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கேயுள்ள மலைகள் அங்கேதான் தெரிய வேண்டும். நீங்கள் மாட்டியதில் வலப்பக்கம் நிற்கின்றன. கீழே ‘1850, ரயில் பாலம்’ என்று எழுதியிருக்கிறது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியதே 1856 ஜூலையில்தான்.

ஓரங்களையும் வெட்டியிருக்கிறீர்கள். அப்போதெல்லாம் நெகட்டிவைத் தாள்மேல் வைத்தே அச்செடுத்தார்கள். நெகட்டிவின் அளவே படத்தின் அளவு. கண்ணாடியில் பூசிய, ஒளியைப் பதியும் மருந்து வழிந்த தடமும் மூலையில் விரல் பட்ட இடமும் ஓரத்தில்தான் இருக்கும். எந்த முறையில் எடுத்த படம் என்று சொல்பவை அவை.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறோம். மூலப் படத்தை நான்கு ஓரமும் தெரிய, பக்கத்தில் அளவுகோல் வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கேன் செய்து, நிறம் ஏற்றாமல் மாட்டுங்கள். வண்ணப் படமும் வேண்டுமென்றால் ‘பிற்காலத்தில் நிறம் ஏற்றியது’ என்று பெரிய எழுத்தில் எழுதித் தனியாக வையுங்கள். நெகட்டிவ் உங்களிடம் இருந்தால், பளபளப்பில்லாத பக்கம்தான் மருந்து பூசிய பக்கம். பக்கம் மாறினால் படம் இடம் வலமாகிவிடும்; அதைக் கவனித்த பிறகு ஸ்கேனரில் வையுங்கள். கண்ணாடியை எக்காரணம் கொண்டும் ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.

இப்படிக்கு,
வேலூரிலும் காட்பாடியிலும் பழைய படங்களைப் படித்துவரும் சிலர்