டிக் டிக் சத்தத்துக்கு ஹெட்டைக் கழற்றாதே, அம்மிணி

ஆவாரம்பாளையம், கோவை.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதி உனக்கு மறந்துவிடும், பாதி எனக்கு மறந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். படித்ததும் மடித்து உன் டூல் பாக்ஸில் போட்டு வை.

ஸ்டுட்கார்ட் போய் ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கிவிட்டாய். உன் அம்மாவுக்கு முப்பது வருஷத்துப் பழைய வண்டி எதற்கு என்ற கவலை. எனக்கு அந்தக் கவலை இல்லை. நல்ல வண்டி அது. 1.6 லிட்டர், பதினாறு வால்வு, இரும்பு பிளாக், அதன் மேல் மூடியாக உட்காரும் அலுமினிய ஹெட், பின்சக்கர ஓட்டம், எடை ஆயிரம் கிலோவுக்கும் கீழே. கையால் வேலை செய்து கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்காது.

ஆனால் நீ சொன்ன ஒரு விஷயம் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹெட்டிலிருந்து டிக் டிக்கென்று சத்தம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் குறைகிறது, அதனால் வர்ற சனிக்கிழமை வீடியோவைப் பார்த்துக்கொண்டே ஹெட்டைக் கழற்றப் போகிறேன் என்றாய். கழற்றாதே சாமி. அந்த இன்ஜினில் வால்வைத் தள்ளித் திறக்கிற டேப்பெட் ஹைட்ராலிக். உள்ளே ஆயில் நிரம்பி, இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆயில் பழசாகிவிட்டாலோ, வண்டி பல நாள் நின்றுவிட்டாலோ, ஆயில் வடிந்து காற்று புகுந்து தட்டும். முதலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்று. இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டு. பல வண்டியில் அதோடு அடங்கிவிடும். அடங்காவிட்டால், அந்தச் சத்தத்தை முன்னாலேயே கேட்டுப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக் கேட்கச் சொல். வீடியோவில் வருகிற மனுஷனுக்கு உன் வண்டிச் சத்தம் கேட்காது.

நான் சொல்ல வந்தது இதுதான் கண்ணு. எட்டின தூரத்தில் ஒரு ஆள் வேண்டும். எவ்வளவு படித்திருந்தாலும் வேண்டும்.

1996ல் நடந்ததை உனக்கு இதுவரை சொன்னதில்லை. அப்போதுதான் கடன் வாங்கி, ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவுகிற ஹெட் ஃபேசிங் மெஷின் போட்டிருந்தேன். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்துக்குப் போகிற பையன் ஒருவன் அலுமினிய ஹெட்டைக் கொண்டுவந்து, கம்ப்ரஷனை ஏற்றித் தரச் சொன்னான். புது மெஷின், கை துறுதுறுவென்று இருந்தது. பெட்ரோல் எரிகிற சேம்பரின் கொள்ளளவை அளக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் சீவிவிட்டேன். அன்றைக்குக் கிடைத்த பெட்ரோல் அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. மூன்றாவது சுற்றில், பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கிற நாக்கிங் எடுத்து பிஸ்டன் மேல்தட்டில் ஓட்டை விழுந்தது. அந்தப் பையனுக்கு அந்த வருஷமே போயிற்று. ஹெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. பக்கத்து லேத்துக்கார அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பேனே" என்றார். நடுவில் இருந்தது ஒரு சுவர். பத்தடிகூட இல்லை.

நம்ம ஊர் இப்படித்தான் வளர்ந்தது. மில்லுக்கு மெஷின், தோட்டத்துக்கு மோட்டார் பம்பு என்று ஆரம்பித்து, தெருவுக்குத் தெரு ஒரு பட்டறை வந்தது. ஒருவர் வார்ப்பார், ஒருவர் கடைவார், ஒருவர் கியர் வெட்டுவார். நம்ம ஊர்ப் பந்தயக்காரர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி கட்டியதும் இந்த ஊரில்தான். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் பழகியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995ல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003ல் பந்தய ட்ராக் திறந்தபோது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன், ஞாபகம் இருக்கிறதா? நீ வண்டியைப் பார்க்கவில்லை. பிட்டில் ஒரு டயரை நாலு பேர் சேர்ந்து மாற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

சரி, அங்கே யாரைத் தேடுவது என்று கேட்பாய். மணிக்கணக்கில் வாடகைக்கு லிஃப்ட் தருகிற செல்ஃப் ஹெல்ப் பட்டறைகள் ஜெர்மனியில் இருக்கின்றன என்று நீதான் போன மாதம் சொன்னாய். முதல் தடவை வேலையோடு போகாதே. சும்மா போய், அங்கே பொறுப்பில் இருப்பவர் யார், எந்த நாளில் கூட்டம் குறைவு என்று பார்த்துவிட்டு வா. அடுத்தது, எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஓட்டலில் கூடுவார்களாமே, ஸ்டம்டிஷ் என்று பெயர் சொன்னாய், அதற்குப் போ. அங்கே அதிகம் பேசுகிறவரை விட்டுவிடு. கையில் தழும்பும் நகத்தில் கறுப்புமாக ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார், அவர் பக்கத்தில் போய் உட்கார். அப்புறம், இன்ஜின் ரீபோரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் செய்கிற கடை எந்த ஊரிலும் ஒன்றாவது இருக்கும். அது நம்ம தொழில். "எங்கப்பாவும் கோயம்புத்தூரில் இதே வேலைதான் செய்கிறார்" என்று சொல். பாஷை சரியாக வராவிட்டாலும், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜைப் பிடிக்கிற விதத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

போகிற முறை ஒன்று இருக்கிறது. பார்ட்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் கொண்டு போ. அழுக்கோடு கொண்டுவருகிறவரின் வேலையை நான் எப்போதும் கடைசியில்தான் எடுப்பேன். என்ன கோளாறு என்று நீயே முடிவு சொல்லாதே. என்ன சத்தம், எப்போது, சூட்டிலா குளிரிலா, அதை மட்டும் சொல். கூலியில் பேரம் பேசாதே, அன்றைக்கே கொடுத்துவிடு. நின்று பார்க்கலாமா என்று கேள். முறுக்கும் எள்ளுருண்டையும் அம்மா அனுப்புகிறாள், ஒரு டப்பா அவர்களுக்கு.

தனியாக நீ என்ன செய்யலாம்? ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், வைப்பர், லைட்டு எல்லாம் தாராளமாகச் செய். பழைய ஆயிலைக் கீழே ஊற்றிவிடாதே, ஆயில் விற்ற கடையே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், பில்லைப் பத்திரமாக வை. மடக்குக் கூரையில் மழைத்தண்ணீர் வடிகிற துளைகளைச் சுத்தம் செய். அது அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி கதவுக்குக் கீழே தகடு துருப்பிடிக்கும், அந்த வண்டியில் அது பெரிய வியாதி. பிரேக் வேலையைச் செய்து பார், ஆனால் இன்னொருவர் கண்ணால் பார்க்காமல் ரோட்டில் எடுக்காதே. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே படுக்கவே கூடாது. ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு போட்டு, வண்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்து, அப்புறம்தான் தலையை உள்ளே விட வேண்டும். அப்போதும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். இதில் மட்டும் அப்பாவிடம் வாதம் பண்ணாதே.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவருக்கே தெரியாது என்றாய். அப்படியென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும், லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான் அது. அந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வு போய் பிஸ்டனில் இடிக்காது, அது உன் அதிர்ஷ்டம். ஆனால் அந்த வேலையில், பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்கின் முனையில் இருக்கும் புல்லியின் போல்ட்டைக் கழற்ற வேண்டிவரும். ஆரம்ப வருஷத்து வண்டிகளில் கிராங்கின் மூக்கு, அதாவது அந்த முனை, குட்டை. அந்த போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டால், கிராங்கில் பொருந்துகிற சின்ன இரும்புச் சாவி ஆடி ஆடி அது உட்காரும் காடியைத் தின்றுவிடும், அப்புறம் கிராங்க் கதை முடிந்தது. இறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதைத் தொடாதே. இதற்கு முன் செய்த ஆள் பக்கத்தில் நிற்கும்போது நீ இறுக்கு.

ட்யூனிங் செய்ய ஆசை என்றாய். ஆசைப்படு, தப்பில்லை. ஆனால் முதல் ஒரு வருஷம் கம்பெனி அளவுக்குக் கொண்டுவா. நல்ல டயர், புது பிரேக் ஃப்ளூயிட், தேய்ந்த புஷ் எல்லாம் மாற்றி வீல் அலைன்மென்ட். வண்டி வேறு வண்டியாகத் தெரியும். இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடுகிற நேரத்தை, கம்பெனி 10 டிகிரியில் வைத்திருக்கிறது. சிலர் 14க்கு ஏற்றுவார்கள். டைமிங் லைட் இல்லாமல், காதால் கேட்டு அதைத் திருப்பாதே, என் 1996 பிஸ்டன் மாதிரி ஆகிவிடும். ஸ்ப்ரிங்கை மாற்றித் தாழ்த்துவதானால் வாங்குவதற்கு முன்பே அதற்கான சான்றிதழ் இருக்கிறதா என்று பரிசோதனை நிலையத்தில் கேட்டுவிடு. அந்த நாட்டில் பேப்பரில் ஏறாத மாற்றத்தோடு வண்டி ஓட்டினால் அந்த வண்டியை ரோட்டில் எடுக்கிற அனுமதியே போய்விடலாம் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

பார்சலில் என் பழைய ஃபீலர் கேஜை வைத்திருக்கிறேன். அப்பாரு பம்பு கம்பெனியில் டர்னராக இருந்தபோது வாங்கியது, துருவேறாமல் லேசாக எண்ணெய் தடவி வை. இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய். வண்டி முன்னால் குனிந்து, டார்ச் அடித்து, கிராங்க் புல்லியின் நடுவில் காடி எத்தனை என்று எண்ணிப் பார். நாலு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீளமானது. படம் எடுத்து அனுப்பு. நாலாக இருந்தால் பெல்ட் வேலைக்கு நாள் குறிப்பதற்கு முன் என்னைக் கூப்பிடு. இங்கே ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா