கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவங்க குப்பை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில் நகரக் குப்பை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பழைய குப்பைமேட்டைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பயோமைனிங், பேட்டரி வண்டி, நிதி ஒதுக்கீடு எல்லாம் விரிவாகவே இருந்தது. ஒரு ஊர் நிர்வாகம் பக்கத்து ஊர் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசுமா, பேசினால் என்ன நடக்கும் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. காரணம், நான் குடியிருக்கும் தெரு.

எங்கள் தெருவில் கிழக்குப் பக்கம் நகராட்சி, மேற்குப் பக்கம் பேரூராட்சி. நடுவே ஒரு மழைநீர்க் கால்வாய். அது யாருடையது என்று இரண்டு அலுவலகத்துக்கும் தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும். எங்கள் பக்கம் தினமும் காலை ஆறரைக்கு வண்டி வரும், எதிர்ப்பக்கம் வாரத்தில் மூன்று நாள். வராத நாட்களில் அவர்கள் பையைக் கட்டிக் கால்வாய்ப் பாலத்தடியில் வைத்துவிடுவார்கள். வேறு என்னதான் செய்வார்கள், மீன் கழிவை இரண்டு நாள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? எங்கள் பக்கம் பெருக்கும் அம்மா ஒருநாள் பாவம் பார்த்து அதையும் அள்ளினார். "அவங்க குப்பைய நீ ஏன்மா தூக்குற?" என்று மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன்பிறகு தொடுவதில்லை. நான் இரண்டு அலுவலகத்துக்கும் போன் செய்தேன். இவர்கள் அவர்கள் நம்பரைக் கொடுத்தார்கள், அவர்கள் இவர்கள் நம்பரைக் கொடுத்தார்கள். ஐப்பசி மழையில் கால்வாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறியபோது மட்டும் இரண்டு பக்கத்து வாசலிலும் பாரபட்சமில்லாமல் ஏறியது.

இதற்கு நம் ஊரில் சொல்லும் வைத்தியம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கிவிடு என்பது. 2011-ல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி வந்தது. சேர்ப்பதில் நன்மை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லை எங்கே ஒழிந்தது? இன்னும் நாலு தெரு தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தெருவிலும் என்னைப் போல ஒருவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சரி, ஒரு வெளியூர்க் கதை சொல்கிறேன். சமையலறைக் குப்பையை உரமாக்கும் கூடை ஒன்றை மொட்டை மாடியில் வைக்கப் போய், அந்தக் கூடை எங்கிருந்து வந்தது என்று தேடியபோது தெரிந்துகொண்டது இது. ஜப்பானில் கிட்டாக்யூஷு என்று ஒரு நகரம், அதுவே 1963-ல் ஐந்து ஊர்களை இணைத்து உண்டானதுதான். 1901-லிருந்து எஃகு ஆலை ஓடிய இடம். புகை ஏழு நிறத்தில் போவதைச் செழிப்பு என்று பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். டோக்காய் விரிகுடாவுக்கு மரணக் கடல் என்றே பெயர் விழுந்துவிட்டது. கொடியில் காயப்போட்ட துணியில் கரி படிவதைப் பார்த்துப் பார்த்து ஆத்திரப்பட்ட டொபாட்டா பகுதிப் பெண்கள், சங்கமாகக் கூடி, கரி எவ்வளவு விழுகிறது என்று தாங்களே அளந்து, அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆலையிடமும் நகராட்சியிடமும் போய் நின்றார்கள். மெல்ல மெல்லக் கடலும் வானமும் தெளிந்தன. 1990-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருதும் கிடைத்தது.

அத்தோடு சால்வை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அந்த ஊர் தான் பட்டதை மற்ற ஊர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியது. 2000-ல் ஆசிய பசிபிக் நாடுகளின் சுற்றுச்சூழல் அமைச்சர்கள் அங்கே கூடியபோது, அந்த ஊர் பெயரிலேயே நகரங்கள் ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொள்ள ஒரு திட்டம் தொடங்கி, 2010 வரை நடந்தது. அதில் என்னை அசத்தியது இந்தோனேசியாவின் சுராபாயா. 2001-ல் அங்கே கெபுத்தி என்ற இடத்துக் குப்பைக் கிடங்கை அக்கம்பக்கத்து மக்கள் போராடி மூட வைக்க, நகரம் முழுக்கக் குப்பை தேங்கிப்போனது. 2004-ல் கிட்டாக்யூஷுவிலிருந்து கோஜி தகாகுரா என்ற நிபுணர் அங்கே போனார். கையில் பெரிய இயந்திரமோ பொட்டலம் கட்டிய ஜப்பான் நுண்ணுயிரோ இல்லை. உள்ளூர்க்காரர்கள் எதையெல்லாம் புளிக்கவைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். சோயாவில் செய்யும் டெம்பே, மரவள்ளிக் கிழங்கில் செய்யும் தாப்பே. அதிலுள்ள நுண்ணுயிரையே எடுத்து, உமியிலும் தவிட்டிலும் வளர்த்து, உர விதையாக்கிவிட்டார். இட்லி மாவும் பழைய சோறும் உள்ள நமக்கு இதைப் புரியவைக்க ஆள் வேண்டியதில்லை.

கூடை என்றால் அழுக்குத் துணி போடும் ஓட்டைப் பிளாஸ்டிக் கூடைதான். உள்ளே சுற்றிலும் அட்டை, அடியில் உமி அடைத்த சின்னத் தலையணை, அதன்மேல் உர விதை. தினமும் காய்கறித் தோலைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கிளறி, மேலே இன்னொரு உமித் தலையணை வைத்து, துணியால் மூடிவிட வேண்டும். மறுநாள் காலை கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். நான் முதல் பதினைந்து நாளில் சாம்பார் சாதத்தையெல்லாம் கொட்டி, ஈரம் மிஞ்சி, புழு வைத்து, வீட்டில் நல்ல பேச்சு வாங்கினேன். இரண்டு கை தவிடு சேர்த்ததும் சரியாகிவிட்டது.

சுராபாயா நகர நிர்வாகம் பல ஆயிரம் கூடைகளை வீடுகளுக்குக் கொடுத்தது. கொடுத்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகவில்லை. தெருவுக்குத் தெரு பெண்களைப் பழக்கி, புழு வந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு ஆள் வைத்தது. அங்கே துப்புரவு, பூங்காத் துறையைப் பார்த்துக்கொண்ட திரி ரிஸ்மாஹரினி 2010-ல் மேயரானார் என்பதையும் சொல்லவேண்டும். வேலை தெரிந்தவர் நாற்காலிக்கு வந்தார். கூடை வந்த நாலைந்து வருடத்திலேயே கிடங்குக்குப் போகும் குப்பை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பிறகு பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மலேசியா என்று மற்ற நாட்டு ஊர்களுக்கும் அந்தக் கூடை போனது.

நம்மிடம் இதெல்லாம் இல்லையா என்றால், காகிதத்தில் இருக்கிறது. சென்னைக்கு 1984-லிருந்து டென்வர், 2008-லிருந்து சான் அன்டோனியோ என இரண்டு அமெரிக்க ஊர்கள் சகோதரி நகரங்கள், அதாவது நட்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ஊர்கள். நல்ல விஷயம். ஆனால் டென்வர்க்காரர் எங்கள் கால்வாய்க்கு என்ன செய்வார்? எனக்கு வேண்டிய சகோதரி முப்பதடி தள்ளி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். ஆணையர்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் திரும்பி வந்து அறிக்கை எழுதுவதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிடுகிறது. அதற்குப் பதில் சுகாதார ஆய்வாளரையும் ஒரு மேஸ்திரியையும் பக்கத்து ஊருக்கு ஒரு மாதம் அனுப்புங்கள், அங்கிருந்து இருவர் இங்கே வரட்டும். தரம் பிரிக்கும் கொட்டகையில் எங்கே நாறுகிறது, எந்தத் தெருவில் மக்கள் பிரித்துக் கொடுக்கிறார்கள், எங்கே மாட்டேன் என்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எல்லைத் தெருக்களுக்கு இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே வண்டி விட்டு, டீசல் செலவை ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்ளலாம். தணிக்கையில் கேட்பார்கள், யார் கணக்கில் எழுதுவது என்று பயமிருந்தால், இரண்டு மன்றமும் ஒரு தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியரிடம் ஒப்புதல் கேட்கட்டும்.

உங்கள் நிருபர் ஒருவரை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு எங்கள் தெருவுக்கு அனுப்பிவையுங்கள். எதிர்ப்பக்கம் வண்டி வராத நாள் அது. பாலத்தடியில் எத்தனை பை கிடக்கிறது என்று எண்ணிவிட்டு, அப்படியே இரண்டு அலுவலகத்துக்கும் ஒரு போன் போட்டுப் பார்க்கட்டும். நம்பர் இரண்டும் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கால்வாயின் கிழக்குப் பக்கத்து வாசகர்