வெளிநாட்டுக் கணக்கிலிருந்து சஞ்சிகைச் சந்தா செலுத்துவதில் உள்ள இடர்

ஆசிரியர் அவர்கட்கு,

கல்லடியில் வசிக்கும் ஓய்வுநிலை ஆசிரியையான நான், தமிழகத்திலிருந்து வெளிவரும் இலக்கிய மாத சஞ்சிகையொன்றைப் பல ஆண்டுகளாகச் சந்தா கட்டி வாசித்து வருகிறேன். அண்மைக் காலமாக அந்தச் சந்தாவை ஜேர்மனியில் வாழும் என் மகள் தன் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்துகிறாள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நான் அறிந்த பல வீடுகளில் நிலைமை இதுதான்: வாசிப்பவர் இங்கே, அச்சிடுபவர் இந்தியாவில், பணம் கட்டுபவர் மூன்றாவது நாடொன்றில். இந்தச் சிறு தொகை போய்ச் சேருவதற்குப் படும் பாட்டைச் சஞ்சிகை நடத்துவோரின் கவனத்துக்குக் கொண்டுவரவே இதனை எழுதுகிறேன்.

இங்கிருந்தே கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் முயன்று பார்த்தேன். சஞ்சிகையின் இணையப் படிவம் இந்தியக் கைத்தொலைபேசி இலக்கத்தையும் 6 இலக்க அஞ்சல் குறியீட்டையும் கேட்டது. மட்டக்களப்பின் 30000, கல்முனையின் 32300 போன்ற எங்கள் குறியீடுகள் 5 இலக்கம் கொண்டவையாதலால் படிவம் அதற்கு மேல் நகரவில்லை. 2024 பெப்ரவரியில் இந்தியாவின் யூபிஐ எனும் கைத்தொலைபேசிவழிப் பணம் செலுத்தும் முறை இலங்கையில் தொடங்கி வைக்கப்பட்டபோது இனித் தொல்லையில்லை என்று மகிழ்ந்தோம். ஆனால் அது, இங்கு வரும் இந்தியப் பயணிகள் நம் கடைகளில் பணம் செலுத்துவதற்கான ஏற்பாடு. நாம் இந்தியாவுக்குச் சந்தா கட்டுவதற்கானதன்று.

மகள் முதன்முறை பணம் அனுப்ப முயன்றபோது, சந்தாப் பக்கத்தில் இருந்தவை கணக்கின் பெயர், கணக்கு இலக்கம், ஐ.எப்.எஸ்.சி. குறியீடு ஆகிய மூன்று மட்டுமே. ஐ.எப்.எஸ்.சி. என்பது இந்தியாவுக்குள் வங்கிக்கு வங்கி பணம் செல்வதற்கான 11 எழுத்துக் குறியீடு. வெளிநாட்டு வங்கி கேட்பது, நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும்போது பெறும் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விப்ட் குறியீட்டை. அது 8 அல்லது 11 எழுத்துகள் கொண்டது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதை நிரப்பிவிட்டு, வங்கி ஏன் ஏற்கவில்லை என்று விளங்காமல் அவள் இரண்டு மாலைப்பொழுதுகளை வீணாக்கினாள். ஜேர்மனியில் கணக்கு இலக்கமென்றால், நாட்டையும் வங்கியையும் கணக்கையும் ஒருசேரக் குறிக்கும் 22 எழுத்து ஐபான். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த முறையே இல்லை. மேலும், இந்திய வங்கிகளின் எல்லாக் கிளைகளுக்கும் ஸ்விப்ட் குறியீடு இருப்பதில்லை. சிறு நகரக் கிளையில் கணக்கு வைத்திருக்கும் சஞ்சிகை, அவ்வங்கியின் எந்தக் கிளை வெளிநாட்டுப் பணத்தைப் பெறுகிறது என்று கேட்டறிந்து அதன் குறியீட்டைத் தர வேண்டும். இதைக் கேட்டறிய வேண்டியவர் கணக்கு வைத்திருப்பவரே. ஜேர்மனியில் இருந்துகொண்டு என் மகள் எங்கே விசாரிப்பாள்?

சரியான குறியீடு கிடைத்துப் பணம் போன பின்பும் தொல்லை தீரவில்லை. யூரோ வலயத்துக்குள் நாடு விட்டு நாடு யூரோ அனுப்பினாலும், உள்நாட்டுக்கு அனுப்பும் கட்டணத்துக்கு மேல் அறவிடக்கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் இருக்கிறது. இந்தியாவுக்கு அனுப்பும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டு வங்கிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லாதபோது இடையில் வேறு வங்கிகள் நின்று பணத்தைக் கைமாற்றுகின்றன. அவை தம் கூலியை அந்தத் தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். காணி வாங்க அனுப்பும் இலட்சங்களில் இந்தக் கழிவு கண்ணுக்குத் தெரியாது. ஓராண்டுச் சந்தாவிலோ பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. கட்டணத்தை அனுப்புபவர் முழுவதும் ஏற்பதா, இருவரும் பகிர்வதா, பெறுபவர் ஏற்பதா என்று வங்கிப் படிவத்தில் மூன்று தெரிவுகள் உண்டு. மகள் பகிர்வதைத் தெரிவு செய்திருந்தாள். பணம் குறைந்து போய்ச் சேர்ந்தது. மீதி வரும்வரை இதழ் அனுப்ப இயலாதென்று காரியாலயம் அறிவித்தது. அற்ப வருவாயில் இதழ் நடத்தும் அவர்களை நான் நோகவில்லை. ஆனால் அந்தச் சிறு மீதியை அனுப்புவதற்கும் அதே கூலியை மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது. நான்கு மாத இதழ்கள் எனக்கு வந்து சேரவேயில்லை.

இதற்குக் குறுக்கு வழியாக, பணமாற்றுச் சேவையொன்றின் மூலம் ஆசிரியரின் சொந்தப் பெயருக்கு அனுப்பிவிடும்படி சிலர் சொல்கிறார்கள். அது சரியன்று. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அவ்வகைச் சேவைகள் குடும்பச் செலவு போன்ற தனிப்பட்ட அனுப்புகைகளுக்கே உரியவை, வணிகக் கொடுப்பனவுக்கு உரியவையல்ல. அதைவிட முக்கியமானது, அனுப்பும் காரணமாக நாம் எழுதும் சொல். அன்பு மிகுதியால் 'இதழுக்கு நன்கொடை' என்று எழுதிவிடுவோர் உண்டு. இந்தியாவின் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், பதிவுபெற்ற பத்திரிகையின் ஆசிரியரும் உரிமையாளரும் அச்சிடுபவரும் வெளியிடுபவரும் வெளிநாட்டுப் பங்களிப்பைப் பெறுவதைத் தடைசெய்கிறது. வழக்கமான வணிகத்தில் பொருளுக்கு விலையாகக் கொடுக்கும் பணம் அத்தடைக்குள் வராது. எனவே சந்தாவைச் சந்தா என்றே, வாசகரின் பெயரோடும் ஆண்டோடும் எழுத வேண்டும். நாம் கவனமின்றி எழுதும் ஒரு சொல்லால் அந்த ஆசிரியர் வங்கிக்கு விளக்கம் சொல்ல அலையக்கூடாது.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் சென்னையில் 'இராமகிருஷ்ண விஜயம்' சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தவர். கடல் கடந்த இந்த வாசிப்பு எங்களுக்குப் புதிதன்று. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது ஒரு பிரதியைப் பல வீடுகள் சுற்றி வாசித்த காலம் என் நினைவில் இருக்கிறது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடுள்ள நாடுகளின் வாசகர் தம் நாட்டு நாணயத்திலேயே வெளிநாட்டு நூல்களையும் சஞ்சிகைகளையும் பெறுவதற்கு யுனெஸ்கோ 1948இலேயே கூப்பன் முறையொன்றை ஏற்படுத்தியது. இவ்வளவு வசதிகள் வந்துவிட்ட இக்காலத்தில் ஒரு சந்தா இப்படி இழுபடுவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

சஞ்சிகை நடத்துவோரிடம் நான் வேண்டுவது இதுதான்: ஸ்விப்ட் குறியீடு, அதற்குரிய கிளையின் முகவரி, கணக்கின் முழுப் பெயர், இலங்கைக்கான வான்தபால் செலவும் சேர்ந்த மொத்தத் தொகை, வங்கிக் கூலியை யார் ஏற்பது என்ற விபரம் ஆகியவற்றைச் சந்தாப் பக்கத்திலேயே வெளியிடுங்கள், மூன்றாண்டுச் சந்தாவையும், பல வாசகருக்கான கூட்டுச் சந்தாவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சென்ற முறை கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை ஆகிய இடங்களிலுள்ள வாசகர் ஐவரின் பிள்ளைகள், ஐரோப்பாவிலிருந்தபடியே தம் பங்கை யூரோவாக என் மகளின் கணக்கில் இட்டனர். அவள் அதை ஒரே அனுப்புகையாக, கூலி முழுவதையும் தானே ஏற்கும் தெரிவோடு செலுத்தினாள். தொகை ஒரு சதமும் குறையாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஐந்து முகவரிகளுக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டு வழங்கும் நடைமுறை அந்தக் காரியாலயத்தில் இல்லாததால், இருவருக்கு இதழ் இன்னும் வரவில்லை. இது குறித்து அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் கிடைத்ததும் தங்கள் பத்திரிகை வாயிலாக ஏனைய வாசகருக்கும் அறியத் தருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.