இழுப்பறைகளை எடுக்காதீர்கள்: சீன மருத்துவப் புலத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய புலமுதல்வர் அவர்களுக்கும் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். 'போதனைச் சிகிச்சையக மருந்தறை சீரமைப்பு' என்ற பெயரில் போன மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை பற்றியதுதான் இந்த மடல். முழு மூலிகைச் சரக்குகள் வைத்த இழுப்பறை அலமாரியை எடுத்துவிட்டு மருந்தறையைத் துகள் மருந்துக்கு மாற்றப்போவதாகவும், சரக்குகளை அடையாளம் காணும் வகுப்பைக் கணினித் திரைக்கு மாற்றப்போவதாகவும் அதில் சொல்லியிருந்தீர்கள். அதற்குப் பதிலாகச் சீனத்தில் ஒரு மனு கொடுத்தோம், ஆங்கிலத்தில் ஒரு மனு கொடுத்தோம். 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரி இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் வந்து சேர்ந்தது. அதனால் இந்த முறை தமிழில் எழுதுகிறேன். எங்கள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனாலும் சீனப்பள்ளியில் படித்த நம் பிள்ளைகளில் சிலர் அடுத்த வருடமும் இந்தப் படிப்புக்கு மனுப் போடுவார்கள். பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் அவர்களின் அப்பா அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மருந்தறையின் இழுப்பறை அலமாரியை எடுக்காதீர்கள். சரக்குகளை அடையாளம் காணும் செய்முறை வகுப்பைத் திரைக்கு மாற்றாதீர்கள்.

சுற்றறிக்கையில் நீங்கள் சொன்ன காரணங்கள் பொய் என்று யாரும் சொல்லவில்லை. மலேசியாவின் ஈரக்காற்றில் கொஞ்சம் கவனம் தப்பினால் தாங்குவெய் வேரில் வண்டு விழும், பூஞ்சை பிடிக்கும். குளிரூட்டி ஓட வேண்டும். எடை போட்டுப் பொட்டலம் கட்ட ஆள் வேண்டும். துகள் மருந்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து புட்டியில் வரும், இயந்திரமே அளந்து பாக்கெட்டில் போட்டுவிடும், நோயாளி வெந்நீரில் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம். அது வசதிதான். துகள் மருந்தே கூடாது என்று நாங்கள் எந்த மனுவிலும் எழுதவில்லை. வியாபாரம் செய்கிற ஒரு கிளினிக் இப்படி முடிவெடுத்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன். மருந்து இன்னதென்று கற்றுக்கொடுக்கும் இடம் இப்படி முடிவெடுப்பதுதான் விளங்கவில்லை.

துகளாகிவிட்டால் அநேகமாக எல்லாமே பழுப்பு நிறம். புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. முழுச் சரக்காக இருந்தால் அதுவே தன்னைச் சொல்லும். ஹுவாங்ச்சீ வேரைக் குறுக்கே வெட்டினால் நடுவில் செவ்வந்திப்பூ மாதிரி கோடுகள் ஓடும். மென்றால் பச்சை அவரையின் வாடை வரும். சுவான்பெய்மூ என்ற கிழங்கின் நல்ல ரகத்தில் பெரிய செதில் ஒன்று சின்னச் செதிலைப் பிறைபோல அணைத்துக்கொண்டிருக்கும். ஜெபெய்மூ அதைவிடப் பெரியது, விலையும் குறைவு. ஒன்று வறட்டு இருமலுக்கு, மற்றது சூட்டினால் கட்டிய சளிக்கு. மாற்றிக் கொடுத்தால் நோயாளிக்கும் நஷ்டம், அவர் பணத்துக்கும் நஷ்டம். இதை ஒரு படத்தில் காட்டலாம் என்கிறீர்கள். வடிவத்தைக் காட்டலாம், சரி. எடையை? வாசனையை? ஒடித்தால் வரும் சத்தத்தை? நாக்கு நுனியில் வைத்தால் தெரியும் கசப்பை?

இதில் எனக்கு வீட்டிலிருந்தே தெரிந்த சரக்குகளும் நிறைய இருக்கின்றன. அதிமதுரம், கோரைக்கிழங்கு, கடுக்காய், திப்பிலி, நிலவேம்பு எல்லாம் சீன மருத்துவத்திலும் உண்டு. அவர்கள் எடுத்துக்கொள்ளும் பதம்தான் வேறு. அதிமதுரத்தைத் தேன் சேர்த்து வதக்குவார்கள். கோரைக்கிழங்கைப் புளிக்காடியில் ஊறவிட்டு வறுப்பார்கள். போதுமான அளவு வறுபட்டதா, கருகிவிட்டதா என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். எந்தக் கணினித் திரை மூக்குக்கு எட்டுகிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள், அதையும் வாங்கிவிடலாம். ஆய்வுக்கூடக் கட்டணம் என்று ஒவ்வொரு தவணையும் வாங்குகிறீர்களே, அதில்.

மருந்தறை பூட்டிக் கிடக்கும் இந்த வாரங்களில் நாங்கள் எங்கே படிக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வியாபாரம் ஓய்ந்த பிறகு, பட்டணத்தில் ஒரு சீன மருந்துக்கடையின் பின்வாசலில் வரிசையாக நிற்கிறோம். தௌக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், ஒரு மாணவன் போய்க் கெஞ்சி வாங்கிய அனுமதி அது. அவருக்குப் பட்டமும் கிடையாது, பவர்பாயிண்டும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு வயதில் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். இழுப்பறையைத் திறந்து ஒரு கை அள்ளி முகர்ந்தாலே, சரக்கு இந்த வருடத்ததா போன வருடத்ததா, கந்தகப் புகை போட்டு வெளுத்ததா என்று சொல்லிவிடுவார். அவருடைய நிபந்தனைகள்: கையைக் கழுவிவிட்டு வர வேண்டும், ஓர் இழுப்பறைச் சரக்கு இன்னொன்றில் விழக்கூடாது, வாடிக்கையாளர் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். காசு கேட்டதில்லை. நாங்களே வெட்கப்பட்டுக்கொண்டு கடையைக் கூட்டிவிட்டு வருகிறோம்.

போன தடவை ஒரு பாட்டி, மகள் வேறொரு ஊரிலிருந்து வாங்கி அனுப்பிய பொட்டலத்தைக் கொண்டுவந்து விரித்து, இது சரியான சரக்குதானா என்று கேட்டார். தௌக்கே வேண்டுமென்றே எங்கள் பக்கம் திரும்பினார். பல்கலைக்கழகச் சட்டை போட்ட நாலாம் வருட மாணவர்கள் அத்தனை பேரும் வெட்டிய துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். புத்தகத்தில் அதன் லத்தீன் பெயர், சீனப் பெயர், அது சேரும் நாடிப்பாதை, ஒரு வேளைக்கு எத்தனை கிராம் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். கையில் இருப்பது அதுதானா என்பது தெரியவில்லை. கடைசியில் தௌக்கேதான் மூன்று துண்டுகளைப் பொறுக்கித் தனியே வைத்து, இவை கலப்படம் என்றார். பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார், கேலியாக இல்லை, பரிவாக. அந்தப் பரிவை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஐந்தாண்டுப் படிப்பு. அதில் மருந்தைத் தொட்டுப் பழகக் கடைக்காரரின் தயவு வேண்டியிருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நீங்கள் தரப்போவது திரைச் சுரைக்காய்.

இதை நான் கவுரவப் பிரச்சினையாக மட்டும் பேசவில்லை. ஃபாங்ஜி விவகாரத்தை எங்களுக்குப் பாடமாக நடத்தியதே உங்கள் புலம்தான். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிவதற்காகச் சிகிச்சை எடுத்த பெண்களுக்கு ஹான் ஃபாங்ஜி என்று நினைத்துக் கொடுத்த தூளில் இருந்தது குவாங் ஃபாங்ஜி. இரண்டும் வெவ்வேறு குடும்பச் செடிகள். பின்னது நம் ஆடுதீண்டாப்பாளையின் இனம். அதில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிவிடும். நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள், சிலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. சீனா 2003இல் அதே அமிலம் உள்ள குவான் மூதோங் என்ற சரக்கையும் 2004இல் குவாங் ஃபாங்ஜியையும் தன் மருந்துத் தரநிலையிலிருந்து எடுத்தது. அந்தப் பெண்களுக்குச் சரக்கு போய்ச் சேர்ந்தது தூளாக. தூளைப் பார்த்து எவரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தப் பாடத்தை நடத்திவிட்டு மருந்தறை முழுவதையும் துகளுக்கு மாற்றுகிறோம் என்று சுற்றறிக்கை விடுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

ஃபூஸி இன்னொரு கதை. நம் வச்சநாபிக்குச் சொந்தம். பதப்படுத்தியதைத்தான் சேர்க்க வேண்டும், அதையும் மற்ற சரக்குகளுக்கு முன்னால் தனியாக நெடுநேரம் கொதிக்கவிட வேண்டும். அப்போதுதான் அதன் அகோனிட்டைன் சிதைந்து நஞ்சு குறையும். நாக்கு மரத்துப்போனால் அது எச்சரிக்கை. மறுகோடியில் புதினா. கடைசியில் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசனையோடு குணமும் ஆவியாகிவிடும். செச்சியான்ஸி விதையைத் துணியில் முடிந்து போட வேண்டும், இல்லாவிட்டால் கஷாயம் கூழாகி அடிபிடிக்கும். இவற்றை அடுப்படியில் நின்று ஒரு தடவையாவது செய்யாதவர் நோயாளிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பார்? நாளைக்கு ஒரு நோயாளி, 'கொதிக்க வைத்தேன், நாக்கு கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது' என்று தொலைபேசியில் அழைத்தால், பாக்கெட்டைப் பிரித்து வெந்நீர் ஊற்ற மட்டும் தெரிந்த நான் என்ன பதில் சொல்வேன்?

இனி எழுதப்போவது கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விளம்பரக் கையேட்டின் முதல் பக்கத்தில் தூ யோயோ அம்மையாரின் படம் இருக்கிறது. 2015இல் நோபல் பரிசு வாங்கியவர், சீன மருத்துவத்தின் பெருமை. அவர் செய்தது என்ன? கெ ஹோங் என்ற பழங்கால மருத்துவர் எழுதிய நூலில், ஒரு பிடி ச்சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்ற குறிப்பைக் கண்டார். காய்ச்சச் சொல்லவில்லையே என்று யோசித்துக் குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். ச்சிங்ஹாவ் என்று கடைகளில் விற்ற செடிகளில் எதில் சத்து இருக்கிறது, இலையிலா தண்டிலா என்று அவருடைய குழு தேடிப் பார்த்தது. மலேரியாவுக்கு மருந்து கிடைத்தது செடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களால். அவரைக் கையேட்டில் வைத்துவிட்டுச் செடியைக் குப்பைக்கு அனுப்புகிறோம். திறந்தநாள் அன்று மட்டும் அதே இழுப்பறை அலமாரியைத் துடைத்துப் பளபளப்பாக்கி முகப்பு மண்டபத்தில் நிறுத்துகிறோம், வருகிற பெற்றோர் அதன் முன் படம் எடுத்துக்கொள்ள. படிப்பதற்கு உதவாத அலமாரி படம் எடுக்க உதவுகிறது போலும். மின்தூக்கி மூன்று மாதமாகப் பழுது, நூலகத்தில் புதிய மருந்துத் தரநூல் கிடையாது, வாகன நிறுத்தக் கட்டணம் ஏறியது என்று சொல்லிக்கொண்டே போகலாம். இந்த மடல் அதற்காக அல்ல.

வெளியில் போய்க் கற்றுக்கொள்ளலாமே என்று நிர்வாகத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. எங்கே? 2007இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி அரசு மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகள் வந்தன, நல்ல காரியம். ஆனால் அங்கே சீன மருத்துவம் என்றால் பெரும்பாலும் அக்குபங்சர் ஊசிக்குத்து. மூலிகை என்பது புற்றுநோயாளிகளுக்குத் துணைச் சிகிச்சையாகச் சில இடங்களில் மட்டும். 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775, பதிவு பெறாமல் யாரும் தொழில் செய்யக்கூடாது என்கிறது. வரவேற்கிறோம். ஒழுங்காகப் படித்தவர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று நாடே சொல்லும்போது, அந்தப் படிப்பைத் தரும் இடம் மருந்தைக் கண்ணில் காட்டாமல் பட்டம் கொடுத்தால், நாங்கள் பதிவேட்டில் இருப்போம், சரக்கறிவு பதிவேட்டுக்கு வெளியே அந்தத் தௌக்கேயோடு இருக்கும். அவருக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் கடையை எடுத்து நடத்தப்போவதில்லையாம்.

ஆகவே பணிவுடன் மறுபடியும் கேட்கிறோம்: இழுப்பறைகளை எடுக்காதீர்கள். எல்லாச் சரக்கும் கிலோக் கணக்கில் வேண்டாம். அடிக்கடி புழங்குபவற்றை மட்டும் சின்ன அளவில் வாங்கிக் காற்றுப்புகாத புட்டிகளில் வையுங்கள். கெட்டுப்போனதைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், கெட்ட சரக்கு எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்க்க வேண்டும். சுத்தம் செய்ய, வெயிலில் காயவைக்க, எடை போட ஆள் இல்லை என்றால் நாங்கள் முறை போட்டுக்கொள்கிறோம். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறோம். கைத்தராசு பிடிக்க எங்களுக்கும் பழக வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அந்தத் தௌக்கேயைப் போன்ற அனுபவசாலி ஒருவரைச் சம்பளம் கொடுத்து அழைத்துவர முடியுமா என்றும் யோசித்துப் பாருங்கள். அவரிடம் ஆய்வுக்கட்டுரை இருக்காது, அதனால் உங்கள் தரவரிசை ஏறாது. எங்கள் கை தேறும்.

அடுத்த தவணை தொடங்கும் முன் ஒரு சந்திப்புக்கு நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பதில் தமிழில்தான் வர வேண்டும் என்பதில்லை. சீனம், மலாய், ஆங்கிலம் எதில் எழுதினாலும் படித்துக்கொள்வோம். ஒரு வரிக்கு மேல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி,
சக மாணவர்கள் சார்பில்