ஆர்ஸ் பங்குத்தந்தையின் வாழ்க்கை வரலாற்று நூல்: நன்கொடை வேண்டுகோள்

அருள்தந்தையர்க்கும், துறவியர்க்கும், பங்கு மக்கள் அனைவர்க்கும் எங்கள் அன்பு வணக்கம்.

பிரான்சின் ஆர்ஸ் என்னும் சிற்றூரில் பங்குத்தந்தையாக இருந்தவரும் பங்குத்தந்தையரின் பாதுகாவலருமான புனித ஜான் மரிய வியான்னியின் வாழ்க்கையை விரிவான தமிழ் நூலாகக் கொண்டுவரும் பணியை, பங்குப் பேரவையின் ஒப்புதலோடு அமைந்த எங்கள் குழு மேற்கொண்டுள்ளது. எழுத்துப் பணி நிறைவடைந்து மெய்ப்புத் திருத்தம் நடந்து வருகிறது. அச்சுச் செலவு குழுவினரின் கையிருப்பைக் கடந்து நிற்பதால் உங்கள் உதவியை நாடுகிறோம்.

மக்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும் ஒப்புரவு இருக்கையில் அமர்ந்திருக்கும் மெலிந்த முதியவராக அவரைப் படங்களில் பார்த்திருக்கிறோம். அவருடைய விழாவான ஆகஸ்ட் 4ஆம் நாள் திருப்பலி மறையுரையில் அவரைப் பற்றிக் கேட்கிறோம். அந்த இருக்கைக்கு அவர் எத்தனை தடைகளைத் தாண்டி வந்து சேர்ந்தார் என்பது நம்மில் பலருக்குச் சென்று சேரவில்லை. இந்நூலின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

1786 மே 8 அன்று, பிரான்சில் லியோன் நகருக்கு அருகிலுள்ள டார்டில்லியில், உழவர் குடும்பத்தில் பிறந்த அவருடைய இளமை, திருச்சபை ஒடுக்கப்பட்ட பிரெஞ்சுப் புரட்சியின் நெருக்கடியில் கழிந்தது. 1799இல் எகுல்லியில் ஒரு வீட்டில் மறைவாக நடந்த திருப்பலியில் அவர் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியபோது, உள்ளே எரிந்த மெழுகுதிரியின் ஒளி வெளியே தெரியாதிருக்கச் சன்னல்களுக்கு முன் வைக்கோல் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். தலைக்கு வந்த ஆபத்தைப் பொருட்படுத்தாமல் இறைமக்களைத் தேடி வந்த அத்தகைய குருக்களைக் கண்டு வளர்ந்தவர், தாமும் குருவாக வேண்டுமென்று விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் படிப்பு அவருக்கு எளிதில் வரவில்லை. இருபது வயதில், தம்மைவிட மிக இளைய சிறுவர்களோடு அமர்ந்து அருள்தந்தை பல்லேயிடம் இலத்தீன் கற்கத் தொடங்கியவர், படித்ததை நினைவில் நிறுத்த முடியாமல் தவித்தார். 1809இல் நெப்போலியனின் படைக்கு அழைக்கப்பட்டு, நோயுற்று, தம் படைப்பிரிவைத் தவறவிட்டு, ஒரு மலைச்சிற்றூரில் ஜெரோம் வின்சென்ட் என்னும் மாற்றுப் பெயரில் ஓராண்டுக்கும் மேலாக மறைந்து வாழ்ந்தார். பொதுமன்னிப்பு வந்த பிறகே அவரால் வீடு திரும்ப முடிந்தது. லியோன் குருமடம் இலத்தீன் குறைபாட்டுக்காக அவரை வெளியேற்றியது. பல்லே விடாமல் பரிந்து பேசியதால் 1815 ஆகஸ்ட் 13 அன்று கிரனோபிள் நகரில் குருத்துவத் திருநிலைப்பாடு பெற்றார். அப்போதும் ஒப்புரவு அருட்சாதனம் வழங்கும் அனுமதி அவருக்கு உடனே தரப்படவில்லை. அந்த அனுமதி கிடைத்தபின் அவரிடம் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்தவர், அவருக்குக் கற்றுக்கொடுத்த பல்லேதான். குருமடத் தேர்வுகளில் தடுமாறும் ஒவ்வோர் இளைஞரும் இப்பகுதியைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் ஆவல்.

1818 பிப்ரவரியில் அவர் அனுப்பப்பட்ட ஆர்ஸ், ஏறத்தாழ 230 பேர் மட்டுமே வாழ்ந்த சிற்றூர். அங்கேயே 41 ஆண்டுகள் பங்குத்தந்தையாக இருந்து 1859 ஆகஸ்ட் 4 அன்று இறந்தார். குளிர்காலத்தில் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரமும் கோடையில் பதினாறு மணி நேரம் வரையும் அவர் ஒப்புரவு வழங்கியதையும், அவரைச் சந்திக்கப் பல நாள் காத்திருக்க வேண்டியிருந்ததால் லியோன் இரயில் நிலையத்தில் ஆர்ஸ் செல்வோருக்கு எட்டு நாள் செல்லுபடியாகும் பயணச்சீட்டு விற்கப்பட்டதையும் பலரும் சொல்வதுண்டு. 1843இலும் 1853இலும், தனிமையில் இருந்து தம் ஆன்மாவுக்காக அழ வேண்டுமென்று ஆர்ஸை விட்டு வெளியேற முயன்று திரும்பியதையும் அதே அளவு சொல்ல வேண்டும் என்று கருதினோம். சோர்ந்துபோன அந்த மனிதரை மறைத்துவிட்டால், அவருடைய புனிதம் எட்டாத உயரத்தில் நின்றுவிடும்.

1824இல் ஏழைப் பெண்பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய இலவசப் பள்ளியைப் பற்றித் தனி அதிகாரமே உண்டு. ஆதரவற்ற சிறுமியர் தங்கி வளர்ந்த அவ்வில்லத்தின் உணவுக்கும் உடைக்கும் அவர் கூச்சமின்றிக் கைநீட்டினார். 1852இல் ஆயர் அளித்த சிறப்பு மேலங்கியைக்கூட 50 பிராங்குக்கு விற்று அறப்பணிக்குக் கொடுத்துவிட்டார். 1925இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியதும், 1929இல் அவரைப் பங்குத்தந்தையரின் பாதுகாவலராக அறிவித்ததும் நூலின் இறுதியில் சுருக்கமாக இடம்பெறுகின்றன.

ஏறத்தாழ 320 பக்கங்கள் கொண்ட நூலை 1,000 படிகள் அச்சிட 2,00,000 ரூபாய் தேவைப்படும் என மதிப்பிட்டுள்ளோம். இவற்றில் 400 படிகளைக் குருமடங்களுக்கும், நூல் வாங்க வசதியற்ற கிராமப் பங்குகளுக்கும் கிளைப்பங்குகளுக்கும் இலவசமாக வழங்குவோம். மீதமுள்ளவை அடக்கவிலைக்கே விற்கப்படும். அத்தொகை மறுபதிப்புக்கென ஒதுக்கப்படும். நூலாசிரியரும் மெய்ப்புத் திருத்துவோரும் ஊதியம் பெறவில்லை.

ஒரு படியின் செலவான 200 ரூபாயைத் தருவோரும், ஓர் அன்பியமாக (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுவாக) சேர்ந்து பத்துப் படிகளை ஏற்போரும் எங்களுக்கு ஒன்றுபோலவே வேண்டியவர்கள். இறந்த உறவினர் நினைவாகத் தர விரும்புவோர் அவர்களுடைய பெயரைக் குறிப்பிட்டால், நூல் வெளியீட்டு நாளில் நன்கொடையாளர்களுக்காக ஒப்புக்கொடுக்கப்படும் திருப்பலியில் நினைவுகூரப்படும். நன்கொடையைப் பங்கு அலுவலகத்தில் செலுத்தி, குழுவின் முத்திரையிட்ட இரசீதைத் தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள். புனிதரின் விழாவன்று நூலை வெளியிட எண்ணியிருப்பதால், ஜூன் மாத இறுதிக்குள் தொகை வந்து சேர்ந்தால் அச்சகத்துக்குரிய முன்பணத்தை எங்களால் உரிய காலத்தில் செலுத்த முடியும். வரவு செலவுக் கணக்கு முழுவதும் ஆலய அறிவிப்புப் பலகையில் வைக்கப்படும்.

இறையன்பில்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்