சண்டை தொடங்கிய பிறகு காஸ் தேட முடியாது

கௌரவ வலுசக்தி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். 2022இல் எங்கள் தெருவில் வரிசையில் நின்றது ஆட்களல்ல, சிலிண்டர்கள். வெறும் சிலிண்டர்களை ஒரே சங்கிலியில் கோர்த்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். அடையாளத்துக்கு என்னுடையதில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். மூன்றாம் நாள் லொறி வந்தது; எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போதே முடிந்துவிட்டது. அம்மா ஒன்றும் கதைக்காமல் பின்வளவில் மூன்று கல் வைத்துத் தேங்காய்ப் பொச்சைப் பற்றவைத்தார்.

அப்போது காஸ் இறக்குமதி செய்ய நாட்டிடம் டொலர் இல்லை. அடுத்த முறை டொலர் இருந்தும் கப்பல் வராமல் போகலாம். வளைகுடா எரிவாயுவில் பெரும்பகுதிக்கு ஈரானை ஒட்டிய ஹோர்முஸ் நீரிணைதான் வாசல். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் மோதியபோது, அந்த வாசல் அடைபடுமோ என்று உலகமே பயந்தது.

லிதுவேனியா சின்ன நாடு. ரஷ்யாவை மட்டும் நம்பியிருந்தால் ஆபத்து என்று 2014இலேயே, கப்பலில் வரும் எரிவாயுவை இறக்கும் மிதக்கும் முனையம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதனால்தான் உக்ரைன் போர் தொடங்கிய கையோடு, 2022 ஏப்ரலில், ரஷ்ய எரிவாயு வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. பெரிய ஜெர்மனி தன் முதல் முனையத்தைத் திறந்ததே அந்த டிசம்பரில்தான்.

இங்கே தேநீர்க் கடையில் கேட்டால், “சீனன்குடாக் குதங்கள் கிடக்குதுதானே, காஸை நிரப்பலாமே” என்பார்கள். முடியாது. வெள்ளைக்காரன் கட்டிய அந்தக் குதங்கள் எண்ணெய்க்கானவை. சமையல் காஸில் உள்ள புரோப்பேன் மைனஸ் 42 பாகையிலேயே கொதித்துவிடும்; அழுத்தத்திலோ கடுங்குளிரிலோதான் அடைத்துவைக்க வேண்டும். ஆனால் ஆழமான துறைமுகம் இருக்கிறது. காஸுக்கென்றே அழுத்தத் தாங்கிகளை இங்கே கட்டுங்கள்.

வாங்குவதில் ஒரு பங்கையாவது ஹோர்முஸுக்கு வெளியே, இப்போதே ஒப்பந்தம் போட்டு வையுங்கள். சமையல் எரிவாயுவை உலகில் அதிகம் ஏற்றுமதி செய்வது அமெரிக்கா. தூரம்தான், கப்பல் கூலி கூடும். சரி, கூடட்டும், வெறும் சிலிண்டரோடு நிற்பதைவிட மலிவு. புது இடத்தில் வாங்கும்போது புரோப்பேன், பியூட்டேன் கலவையின் அளவையும் ஒப்பந்தத்தில் எழுதிப் போடுங்கள். 2021 கடைசியில் கலவை மாறிக் குசினிகள் வெடித்ததை நாங்கள் மறக்கவில்லை.

இன்னொன்று, இதற்குக் காசே தேவையில்லை: நாட்டில் எத்தனை நாளைக்குக் காஸ் கையிருப்பு இருக்கிறது என்று மாதாமாதம் கச்சேரி (மாவட்டச் செயலக) அறிவித்தல் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். விறகு எப்போது சேர்க்க வேண்டும் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உவர்மலைவாசி ஒருவர்