பாப்பாவை அனுப்பலாமா என்று கேட்டாயே

திபிலிசி
20 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். மச்சானுக்குக் கால்வலி குறைந்ததா? டி.வி.யில் ஜார்ஜியா போலீஸ் கூட்டத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்துவிட்டு, பாப்பாவை இங்கே டாக்டருக்குப் படிக்க அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மெஸ்ஸுக்கு வருகிற தமிழ்ப் பிள்ளைகள் காலேஜுக்குப் போகிறார்கள், வருகிறார்கள், சாம்பாரில் உப்பு கம்மி என்கிறார்கள். ஆர்ப்பாட்டம் நடப்பது ருஸ்தாவெலி சாலையில், நாடாளுமன்றத்துக்கு முன்னால். நாங்கள் இருக்கிற சபுர்தாலோவிலிருந்து மெட்ரோவில்தான் போகவேண்டும்.

2024 நவம்பர் 28-ஆம் தேதி ராத்திரி ஆரம்பித்தது. ஐரோப்பிய யூனியனில் சேரும் பேச்சை 2028 கடைசிவரை எடுக்கப்போவதில்லை என்று பிரதமர் கோபாகிட்ஸே அறிவித்தார். யூனியனில் சேரப் பாடுபட வேண்டும் என்று இவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதற்கு முந்தைய மாதம் நடந்த தேர்தலிலேயே தில்லுமுல்லு என்று எதிர்க்கட்சிகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஜனம் அன்றைக்கே தெருவுக்கு வந்துவிட்டது. இன்றுவரை ஒரு நாள் விடாமல் வந்து நிற்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரப் பாட்டியும் போகிறார். எழுபதைத் தாண்டியவர், நான் பெபோ என்று கூப்பிடுவேன். போன குளிர்காலத்தில் அவர் பை திறந்து கிடந்தபோது பார்த்தேன்: நீச்சல்காரர்கள் போடும் கண்ணாடி, கண்ணீர்ப்புகை பட்டால் கண் கழுவ சலைன் பாட்டில்கள், பாதி ரொட்டி, பிரஷர் மாத்திரை. 1989 ஏப்ரல் 9 அன்று இதே இடத்தில் சோவியத் ராணுவம் கூட்டத்துக்குள் புகுந்து 21 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அன்றைக்கும் அங்கே நின்றவர் அவர். "வயசான காலத்தில் எதற்கு இதெல்லாம்" என்று அவரிடம் யார் சொல்வது?

முதல் வாரங்களில் பையன்கள் போலீஸை நோக்கி வாணம் விட்டார்கள். சிவகாசியை விட்டு இத்தனை தூரம் வந்தும் வெடிச்சத்தம் விடவில்லை பார். அந்த டிசம்பரிலேயே ஆர்ப்பாட்டத்தில் வாணத்துக்கும் முகமூடிக்கும் தடை போட்டார்கள். முகமூடி போட்டுக்கொண்டு வந்து ஜனத்தை அடித்தவர்களை மட்டும் அந்தச் சட்டம் தேடவில்லை என்பது பெபோவின் புகார். சாலையை மறித்தால் 500 லாரியாக (லாரி என்பது இந்த நாட்டுப் பணம்) இருந்த அபராதம் 5,000 ஆனது. நம் காசுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். இங்கே சராசரி மாதச் சம்பளமே 2,000 லாரி சொச்சம்தான். கேமராவில் முகத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெபோவுக்கு வந்த அபராதச் சீட்டுகளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருக்கிறார், கட்டுகிற எண்ணம் இல்லை. இந்த அக்டோபரிலிருந்து அபராதத்துக்குப் பதில் நேரே உள்ளே, 15 நாள் வரை. திரும்பச் செய்தால் ஒரு வருஷம் வரைக்கும். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர், நாடாளுமன்ற விசாரணைக் கமிஷன் முன் வர மறுத்ததற்காகவே ஜெயிலுக்குப் போனார்கள்.

பதூமி ஊரில் பத்திரிகை நடத்தும் ம்ஸியா அமக்லோபெலி என்ற அம்மா, ஒரு போலீஸ் அதிகாரியைக் கன்னத்தில் அறைந்தார் என்று ஜனவரியில் பிடித்தார்கள். ஜெயிலில் 38 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஆகஸ்டில் இரண்டு வருஷம் என்று தீர்ப்பு. கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. இந்த வாரம்தான் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய நாடாளுமன்றம் மனித உரிமைக்கான சகரோவ் விருதை அவருக்குக் கொடுத்தது. வாங்கிக்கொள்ள அவரால் போக முடியவில்லை.

வெளிநாடுகள் சும்மா இருக்கின்றனவா என்று மச்சான் கேட்பார். இல்லை. ஆளும் கட்சியை நிறுவிய இவானிஷ்விலி, ரஷ்யாவில் சம்பாதித்த பெரும்பணக்காரர். தன் தோட்டத்துக்காக ஊர் ஊராக ராட்சத மரங்களை வேரோடு பெயர்த்துக் கடல்வழியாகக் கொண்டுபோனவர் என்றால் பார்த்துக்கொள். அவர் மேல் அமெரிக்கா 2024 டிசம்பரில் பொருளாதாரத் தடை விதித்தது. பிரிட்டன், அப்போதைய உள்துறை மந்திரி மேல் விதித்தது. லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியா மூன்றும் எல்லாருக்கும் முந்திக்கொண்டன. ஆனால் ஐரோப்பிய யூனியன் சேர்ந்து தடை போட 27 நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் முடியாது என்றுவிட்டன. கடைசியில், தூதரக பாஸ்போர்ட்காரர்களும் அரசாங்க பாஸ்போர்ட்காரர்களும் விசா இல்லாமல் வருவதை மட்டும் நிறுத்தினார்கள். அதற்கே பெரிய பேச்சு.

கீழ்வீட்டு டாக்ஸிக்காரர் ஆளும் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். 2008-இல் ரஷ்யாவோடு நடந்த சண்டையில் வீட்டை விட்டு ஓடிவந்தவர். "வெள்ளைக்காரன் பேச்சைக் கேட்டால் உக்ரைன் கதிதான்" என்கிறார். அவர் பயத்தையும் பொய் என்று தள்ள முடியவில்லை. மாடிப்படியில் அவரும் பெபோவும் சண்டை போட்டால் கட்டடமே கேட்கும். மறுநாள் அவரே பெபோவை மெட்ரோ வாசலில் இறக்கிவிட்டுப் போவார், காசு வாங்கமாட்டார்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தடை வந்ததால் அரசாங்கம் பின்வாங்கவில்லை. ஒரு வருஷமாகச் சட்டத்தை இறுக்கிக்கொண்டேதான் போகிறது. 'ஆழ்ந்த கவலை' என்று ஏதாவது அறிக்கை வந்தால் பெபோவே சிரிக்கிறார். ஆனால் விருது கொடுத்த அன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதார், எனக்கும் ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றிக் கொடுத்தார். உள்ளே இருக்கிறவரின் பெயரை வெளியே நாலு பேர் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவரை ஒரேயடியாக அமுக்கிவிட முடியாது. அந்த அளவுக்கு அழுத்தம் வேலை செய்கிறது. அதற்கு மேல் எதிர்பார்க்கிறவர்கள் இங்கே குறைந்துவிட்டார்கள்.

சரி, பாப்பா விஷயம். வரட்டும், நான் இருக்கிறேன். ஆனால் அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் சேர்க்கையைக் கட்டுப்படுத்தப்போவதாக அக்டோபரில் அரசாங்கம் அறிவித்திருக்கிறது. எந்தக் காலேஜ், சீட் உறுதியா, நம் மருத்துவ ஆணைய விதிக்குப் பொருந்துமா என்று ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்காமல் ஒரு பைசா கட்டாதே. அப்புறம், வெளிநாட்டுக்காரர்கள் ஆர்ப்பாட்டத்தில் மாட்டினால் நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள். வேடிக்கை பார்க்கக்கூட ருஸ்தாவெலி பக்கம் போகக்கூடாது என்று இப்போதே சொல்லி வை. அவளுக்கு உன் வாய், அதுதான் எனக்கு யோசனை.

மெஸ்ஸில் மிளகாய்ப்பொடி தீரப்போகிறது. ஜனவரியில் யாராவது வந்தால் இரண்டு கிலோ அரைத்துக் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் தம்பி